இரண்டு தேதி, ஒரே அச்சு: கரைக் கணக்கை வரைபடமாக்குவது

தொண்டியில் தொடங்கி மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், ஏர்வாடி வரைக்கும் நம் கரையில் எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் ஒரு வரியில் இரண்டு தேதி இருக்கும். பழுது பார்க்கப் படகு கரையேறிய தேதி, திரும்பக் கடலில் இறங்கிய தேதி. கடலுக்குப் போக டோக்கன் எனும் அனுமதிச் சீட்டு எடுத்த தேதி, கரை திரும்பிய தேதி. இன்ஜின் பட்டறைக்கு வந்த தேதி, முடித்துக் கொடுத்த தேதி. ஆமை முட்டையைப் பொரிப்பகத்தில் புதைத்த தேதி, குஞ்சு வெளிவந்த தேதி. இவற்றை எக்செல்லில் ஏற்றியவுடன் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: வாரத்துக்கு எத்தனை ஏறியது, எத்தனை இறங்கியது, இரண்டையும் ஒரே படத்தில் எப்படிப் பார்ப்பது?

பார்க்கச் சின்ன வேலை. ஆனால் இந்த வகைப் படங்களில் பாதிக்கு மேல் தப்பாகத்தான் வருகின்றன. படம் அழகாகவே வந்து விழும். கணக்கு மட்டும் வேறு கேள்விக்கான பதிலாக இருக்கும்.

தப்பு பெரும்பாலும் எக்செல்லின் தொகுப்பு அட்டவணையான பிவட் டேபிளில் ஆரம்பிக்கிறது. 'கரையேறிய தேதி'யை வரிசைப் பகுதியில் போட்டு, வாரமாகத் தொகுத்து, மதிப்புப் பகுதியில் இரண்டு தேதிகளின் எண்ணிக்கையையும் இழுத்து விடுகிறோம். ஏப்ரல் 14-இல் தொடங்கும் வாரத்தில் 14 படகு ஏறியிருந்தால், பக்கத்திலேயே 'இறங்கியவை 14' என்று வந்து நிற்கும். மீன்பிடித் தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே அத்தனை படகும் வேலை முடிந்து கடலுக்குப் போய்விட்டதா? இல்லை. அந்த வாரத்தில் ஏறிய 14 படகுகளுக்கும் பிற்பாடு என்றோ ஒருநாள் இறங்கிய தேதி எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பிவட் அதைத்தான் எண்ணியது. இரண்டு கம்பங்களும் எல்லா வாரத்திலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால், இந்தத் தப்பு நடந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இரண்டு தேதியையும் வரிசைப் பகுதியிலேயே போட்டாலும் தேறாது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, 'ஏப்ரலில் ஏறி மே மாதம் இறங்கியவை' என்ற கணக்கைத் தரும். அதுவும் உபயோகமான கணக்குத்தான், ஆனால் நாம் கேட்டது அது இல்லை.

காரணம் எளிது. பதிவேட்டின் ஒரு வரி ஒரு படகு. வரைபடத்துக்கு வேண்டியது நிகழ்வு. ஒரு படகுக்கு இரண்டு நிகழ்வு, இரண்டும் வேறு வேறு நாளில். ஆகவே கீழே ஓடும் கால அச்சை இந்த நெடுவரிசையிலிருந்தும் எடுக்கக் கூடாது, அந்த நெடுவரிசையிலிருந்தும் எடுக்கக் கூடாது. தனியாக ஒரு நாட்காட்டி எழுதி, அதன் ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு நெடுவரிசைகளையும் தனித்தனியாக எண்ண வேண்டும்.

நாட்காட்டியைத் திங்களில் தொடங்குங்கள்

பதிவேடு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஏ-யில் படகுப் பதிவு எண், பி-யில் வகை, சி-யில் ஏறிய தேதி, டி-யில் இறங்கிய தேதி. அதே தாளில் கொஞ்சம் தள்ளி எச் நெடுவரிசையில் வாரத் தொடக்கங்களை எழுதுங்கள். எச்2-வில் 14-04-2025. எச்3-இல் =எச்2+7. அதையே கீழே இழுத்து விடுங்கள். 2025-இல் ஏப்ரல் 14 திங்கள்கிழமை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் அந்தத் திங்களில் தொடங்கும் ஒன்பது வாரத்துக்குள் முழுசாக அடங்கிவிடுகிறது. முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள்தான் மிச்சம். தடைக்காலம் 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. பழைய வருடங்களோடு ஒப்பிடுகிறவர்கள் இதை மறக்காமல் கணக்கில் எடுக்க வேண்டும்.

வாரத்தை ஏன் திங்களில் தொடங்கச் சொல்கிறோம் என்பது நம் கரைக்கே உரிய விஷயம். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி தொழிலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. காலையில் போன விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். அதாவது சனிக்கிழமை டோக்கன் எடுத்த படகுக்குத் திரும்பிய தேதி ஞாயிறு. எக்செல் சும்மா விட்டால் வாரத்தை ஞாயிற்றில் தொடங்கும். அப்படித் தொகுத்தால் சனிக்கிழமைப் படகுகள் அத்தனையும் போனது ஒரு வாரத்தில், வந்தது அடுத்த வாரத்தில் விழும். ஒவ்வொரு வாரமும் மூன்றில் ஒரு பங்கு படகு கடலிலேயே நிற்பது போலப் படம் காட்டும். புயல் எச்சரிக்கையால் டோக்கன் நிறுத்தப்பட்ட வாரத்திலோ போனவை பூஜ்யம், வந்தவை மட்டும் ஒரு நீளக் கம்பமாக நிற்கும். விவரம் தெரியாதவர் பார்த்தால் பதறிப்போவார். வாரத்தைத் திங்களுக்கு மாற்றினால் மூன்று பயணமும் புறப்பாடும் வருகையுமாக ஒரே வாரத்துக்குள் முடிந்துவிடும்.

தேதியிலிருந்து அந்த வாரத்தின் திங்களைக் கண்டுபிடிக்க: =சி2-வீக்டே(சி2,2)+1. அந்த 2-ஐ விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கே போய்விடும். பிவட்டில் ஏழு நாளாகத் தொகுத்தால் தரவில் உள்ள முதல் தேதியிலிருந்தே அது எண்ணத் தொடங்கும். 'தொடக்கம்' பெட்டியில் ஒரு திங்கள்கிழமைத் தேதியைக் கையால் எழுதுங்கள். வாரத்துக்கு எண் கொடுக்கும் வீக்நம் வேண்டாம். டிசம்பர் முடிந்து ஜனவரி வரும்போது எண் மறுபடி 1 ஆகி, கோடு குழம்பும். வாரத்தின் பெயர் அதன் திங்கள்கிழமைத் தேதியாகவே இருக்கட்டும்.

பத்து நாளுக்கு ஒரு கணக்கு என்று சிலர் போடுவார்கள். வாரத்துக்கு மூன்று நாள் தொழில் நடக்கிற இடத்தில் அது சரிவராது. ஒரு பத்து நாளில் நான்கு தொழில் நாள் வரும், இன்னொரு பத்து நாளில் ஐந்து வரும். படகு எண்ணிக்கை மாறாமலே கோடு ஏறி இறங்கும். மாதமும் அப்படித்தான்: பிப்ரவரியின் 28 நாளில் 12 தொழில் நாள், 31 நாள் மாதத்தில் 13 அல்லது 14. மாதக் கணக்குதான் வேண்டும் என்றால் தொழில் நாளுக்குச் சராசரி எத்தனை படகு என்று வகுத்துப் போடுங்கள்.

எண்ணுவது

ஐ நெடுவரிசையில் ஏறியவை:

=கவுன்ட்இஃப்ஸ்(சி:சி, ">="&எச்2, சி:சி, "<"&(எச்2+7))

ஜே நெடுவரிசையில் இறங்கியவை. அதே சூத்திரம், சி இருக்கும் இடத்தில் டி. கணினியில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபிஸிலும் இதுவே செல்லும்.

மேல் எல்லை 'அடுத்த திங்களுக்குக் குறைவு' என்று இருப்பதைக் கவனியுங்கள். 'ஞாயிறு வரை, ஞாயிறும் சேர்த்து' என்று எழுதத் தோன்றும். தேதியோடு நேரமும் பதிவாகியிருந்தால் அது கைகொடுக்காது. எக்செல்லுக்குத் தேதி என்பது ஓர் எண். 15-04-2025 என்பது 45762. அன்று காலை ஆறு மணி என்பது 45762.25. ஞாயிற்றுக்கிழமைத் தேதிக்குச் சமமோ குறைவோ என்று கேட்டால் ஞாயிறு பிறக்கும் நள்ளிரவு 12 மணியோடு கணக்கு முடிந்து, அன்று காலை கரை சேர்ந்த படகெல்லாம் விடுபடும். அந்த வாரத்திலும் வராது, அடுத்த வாரத்திலும் வராது.

நேரம் என்றதும் இன்னொன்று. கைபேசிப் படிவம் அல்லது செயலி வழியாகப் பதிவு வரும் இடங்களில் நேரம் பெரும்பாலும் கிரீன்விச் கணக்கில் சேமிக்கப்படும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. செவ்வாய் அதிகாலை 4 மணிக்குக் கரை தட்டிய படகு, அந்தத் தரவில் திங்கள் இரவு 10.30 என்று நிற்கும். நேரத்தை வெட்டித் தேதியை மட்டும் எடுத்தால், போன அன்றைக்கே வந்துவிட்டதாக ஆகும். காலை ஐந்தரைக்கு முன் நடப்பதெல்லாம் ஒரு நாள் பின்னுக்குப் போகும்; கடல் தொழிலில் முக்கியமான நேரமே அதுதான். முதலில் 5.5/24-ஐக் கூட்டுங்கள், பிறகு தேதியை வெட்டுங்கள். கூகுள் ஷீட்ஸ் என்றால் அமைப்புகளில் நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா என ஒருமுறை திறந்து பாருங்கள்.

இன்னும் இறங்காத படகுக்கு டி பெட்டி வெறுமையாக இருக்க வேண்டும். கோடு இழுப்பது, 'இல்லை' என்று எழுதுவது, இன்றைய தேதியைப் போட்டு வைப்பது எதுவும் வேண்டாம். வெற்றுப் பெட்டியைக் கவுன்ட்இஃப்ஸ் சரியாக ஒதுக்கிவிடும். வீக்டே போன்றவை ஒதுக்காது. வெற்றிடத்தைப் பூஜ்யமாக எடுத்து 1900-ஆம் வருடத்துப் பக்கம் ஒரு வாரத்தை உண்டாக்கும். அச்சு திடீரென்று நூற்றிருபத்தைந்து வருடம் நீண்டு, நம் கம்பங்கள் வலது ஓரத்தில் ஒரு மயிரிழையாக ஒட்டிக்கொண்டால் காரணம் இதுவே.

நாளும் மாதமும் இடம் மாறினால்

தரவைச் சுத்தம் செய்வதில் மற்ற எதையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். நாம் எழுதுவது நாள்-மாதம்-வருடம். கணினியின் மண்டல அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் அது படிப்பது மாதம்-நாள்-வருடம். ஜூன் மாதத்துப் பதிவுகளை உள்ளே ஏற்றினால் நடப்பது இது: ஜூன் 1 ஜனவரி 6 ஆகும். ஜூன் 2 பிப்ரவரி 6. ஜூன் 5 மே 6. இப்படியே ஜூன் 12 டிசம்பர் 6 ஆகும். ஜூன் 6 மட்டும் தப்பிக்கும். 13-ஆம் தேதியிலிருந்து பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் கைவிட்டு, அதை வெறும் எழுத்தாக வைத்துவிடும்.

அடையாளம் தெளிவானது. பெட்டிகளில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்பவை எழுத்து. அவை எல்லாமே 13-ஆம் தேதியும் அதற்கு மேற்பட்ட நாட்களுமாக இருக்கும். வலப்பக்கம் நிற்பவற்றில் ஒரே தேதி, நம் உதாரணத்தில் 6, பன்னிரண்டு மாதத்திலும் ஒவ்வொன்றாகச் சிதறியிருக்கும். மிக முந்திய தேதியைத் தரும் 'மின்', மிகப் பிந்தியதைத் தரும் 'மேக்ஸ்' இரண்டு சூத்திரங்களையும் போட்டுப் பாருங்கள். ஜூலையில் உட்கார்ந்து பார்க்கும்போது டிசம்பரில் ஒரு படகு இறங்கியதாக வந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' கொண்டு சரிசெய்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. அது எழுத்தாக நின்றவற்றைத்தான் திருத்தும். ஏற்கெனவே மாறிப்போன முதல் பன்னிரண்டு நாட்கள் மாறியபடியே இருக்கும். மூலக் கோப்புக்குத் திரும்பி, ஏற்றும்போதே அந்த நெடுவரிசைக்கு நாள்-மாதம்-வருடம் என்று சொல்லி மறுபடி ஏற்றுவதுதான் நம்பகமான வழி. 5.6.25 என்று புள்ளி வைத்து எழுதியதைக் கோடாக மாற்றுமுன் மண்டல அமைப்பை இந்திய ஆங்கிலமாக்குங்கள். இல்லாவிட்டால் மாற்றிய கணமே அதே குழப்பம் வரும்.

பழைய நோட்டுகளில் சித்திரை, வைகாசி என்று தமிழ்த் தேதி இருந்தால் அந்தந்த வருடப் பஞ்சாங்கத்தைப் பார்த்து மாற்றுங்கள். தமிழ் மாதங்களின் நாள் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஒன்று கூடிக் குறையும் என்பதால் ஒரே கூட்டல் எண்ணை எல்லா வருடத்துக்கும் போட முடியாது.

கடைசியாக, டி தேதி சி தேதிக்கு முன்னால் இருக்கும் வரிகளைச் சலித்து எடுங்கள். ஏறுமுன் இறங்கிய படகு கிடையாது. அப்படி வருபவை பெரும்பாலும் எழுதும்போது மாதம் மாறியவை, அல்லது ஒரே படகு இரண்டு முறை ஏறியதை ஒரே வரியில் நுழைத்தவை. இரண்டாம் முறைக்குத் தனி வரி போட வேண்டும்.

படத்தில் வைப்பது

எச், ஐ, ஜே மூன்றையும் தேர்ந்தெடுத்துக் கம்ப வரைபடம் போட்டால், கம்பங்கள் குச்சி குச்சியாக மெலிந்து வரும். எக்செல் அச்சைத் தேதி அச்சாக எடுத்து, நாளுக்கு ஓர் இடம் ஒதுக்கி, ஏழில் ஒரு பங்கு அகலத்தில் கம்பத்தை நட்டுவிடுகிறது. 'ஃபார்மட் ஆக்சிஸ்' திறந்து 'டெக்ஸ்ட் ஆக்சிஸ்' என்று மாற்றுங்கள், தடிமன் வந்துவிடும். எழுத்து அச்சில் விடுபட்ட வாரம் தெரியாமல் போகும் என்ற பயம் பொதுவாகச் சரியானதே. இங்கே வாரங்களை நாமே முழுசாக எழுதியிருப்பதால் பூஜ்ய வாரமும் தன் இடத்தில் இருக்கும். அச்சு பிவட்டிலிருந்து வந்திருந்தால் அந்த வாரம் காணாமலே போயிருக்கும்.

பூஜ்யமும் 'பதிவு இல்லை'யும் ஒன்றில்லை. எச்சரிக்கையால் ஒரு படகும் போகாத வாரம் பூஜ்யம். அதைப் பூஜ்யமாகக் காட்டுவதுதான் நேர்மை. நோட்டு தொலைந்த வாரம் வெற்றிடம். சூத்திரத்தை அழித்துவிட்டு அந்தப் பெட்டியை வெறுமையாக விடுங்கள்.

இரண்டு நெடுவரிசையும் படகு எண்ணிக்கைதான். எனவே இடப்பக்கம் ஓர் அளவுகோல், வலப்பக்கம் வேறோர் அளவுகோல் என்று வைக்கவே கூடாது. வைத்தால் 3-ம் 14-ம் ஒரே உயரத்தில் நிற்கும். ஏறியவை மேல்நோக்கியும் இறங்கியவை கீழ்நோக்கியும் வருமாறு ஜே-யை எதிர்மறையாக்கிப் போடுவது நல்ல பழக்கம். மேலே குவிந்து கீழே வெறுமையாக இருக்கும் வாரங்கள் கண்ணில் அறையும்.

படத்தில் தமிழுக்குப் பதில் பொருளில்லாத ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால் பதிவேடு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்று பொருள். யூனிகோடுக்கு மாற்றி, நிர்மலா யுஐ அல்லது லதா வைத்தால் சரியாகும். சங்கத்துப் பலகையில் ஒட்டுவது கறுப்பு வெள்ளைப் பிரதியாகத்தான் இருக்கும் என்பதால், நிறத்தை நம்பாமல் ஒரு கோட்டை முழுசாகவும் ஒன்றை விட்டுவிட்டும் போடுங்கள். கோட்டின் முனையிலேயே 'ஏறியவை', 'இறங்கியவை' என்று எழுதிவிட்டால் ஓரத்தில் தனியாக விளக்கப் பெட்டி தேவைப்படாது.

கூட்டிக்கொண்டே போகும் கோடு

வாரக் கம்பத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு தேதி நெடுவரிசை தரும் நிஜமான பலன் கூட்டுத்தொகைக் கோட்டில்தான் இருக்கிறது. கே நெடுவரிசையில் அந்த வார முடிவு வரை மொத்தம் ஏறியவை:

=கவுன்ட்இஃப்(சி:சி, "<"&(எச்2+7))

எல்-இல் இதே போல டி-க்கு. எம்-இல் =கே2-எல்2. எம் என்பது அன்றைக்குக் கரையில் நிற்கும் படகு.

ஐ நெடுவரிசையை மேலிருந்து கூட்டிக்கொண்டு வராமல் இப்படி நேராக எண்ணுவதற்குக் காரணம் உண்டு. அச்சு தொடங்கும் முன்பே கரையேறி நின்ற படகுகள் இருக்கும். வெறுமனே கூட்டினால் அவை விடுபடும். ஆனால் அவை இறங்கும்போது மட்டும் கணக்கில் வரும். கடைசியில் எம் எதிர்மறையாகப் போகும். கரையில் மைனஸ் இரண்டு படகு நிற்க முடியாது. எம் எங்காவது எதிர்மறையானால் தரவில் ஓட்டை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, படத்தை மேற்கொண்டு அனுப்பாமல் நிறுத்துங்கள்.

கணக்கு புரிய ஒரு மாதிரி. இவை உதாரணத்துக்காக எழுதிய எண்கள். முன்பே 3 படகு கரையில். பிறகு ஒன்பது வாரத்தில் ஏறியவை, இறங்கியவை, வார முடிவில் கரையில் நிற்பவை:

ஏப்ரல் 14: 14, 0, 17
ஏப்ரல் 21: 9, 0, 26
ஏப்ரல் 28: 6, 1, 31
மே 5: 3, 3, 31
மே 12: 2, 4, 29
மே 19: 1, 5, 25
மே 26: 0, 7, 18
ஜூன் 2: 0, 8, 10
ஜூன் 9: 0, 7, 3

வாரக் கம்பத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஏப்ரல் 28-ஆம் வாரமே 'கூட்டம் குறைகிறது' என்று தோன்றும்; 14, 9, 6 என்று இறங்குமுகம். ஆனால் கரையில் நிற்கும் படகு அப்போதும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஏறுவது குறைந்தால் போதாது, இறங்குவது அதைத் தாண்ட வேண்டும். இரண்டு வாரக் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடம், இங்கே மே 5-இல் தொடங்கும் வாரம், அதுதான் கரை நிரம்பி வழியும் உச்சம். இடத்துக்கும் தச்சருக்கும் வெல்டருக்கும் பெயின்டருக்கும் ஏற்பாடு செய்கிறவர் பார்க்க வேண்டியது 14 என்ற உயரமான கம்பத்தை அல்ல, 31 என்ற இடைவெளியை.

கே, எல் இரண்டையும் கோடாக வரைந்தால் செங்குத்து இடைவெளி நிற்கும் படகு எண்ணிக்கை. கிடைமட்ட இடைவெளி காத்திருக்கும் நாட்கள்: இருபதாவது படகு ஏறிய நாளிலிருந்து இருபதாவது படகு இறங்கிய நாள் வரை. முதலில் வந்தது முதலில் இறங்கினால்தான் இதை ஒரு படகின் காத்திருப்பு என்று சொல்லலாம். பட்டறையில் அந்த வரிசை இருக்காது. பலகை மாற்ற வேண்டிய படகு நிற்கும், வண்ணம் மட்டும் பூச வந்தது முந்திப் போகும். ஆனால் இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள பரப்பு வரிசை மாறினாலும் மாறாது. மேலே எம் நெடுவரிசையைக் கூட்டினால் 190. ஏழால் பெருக்க 1330 படகு-நாள். 38 படகுக்கு வகுத்தால் படகுக்குச் சுமார் 35 நாள். வார முடிவு எண்ணை வைத்துப் போட்டதாலும், முன்பே நின்ற 3 படகின் பழைய நாட்களும் இன்னும் நிற்கும் 3 படகின் வரப்போகும் நாட்களும் இதில் சேராததாலும் இது தோராயம்தான். நாள்வாரியாகப் போட்டால் இன்னும் நெருங்கும்.

டி-யிலிருந்து சி-யைக் கழித்துச் சராசரி எடுப்பது சுலபமான வழி, ஆனால் சீசன் நடுவில் அது ஏமாற்றும். மேற்படி மாதிரியில் மே 18 அன்று இறங்கியவை 8, நிற்பவை 29. கழித்தல் வேலை செய்வது அந்த எட்டுக்கு மட்டுமே. சீக்கிரம் முடிந்த எட்டும் அவையே. 'சராசரி இருபத்துச் சொச்சம் நாள்' என்று அதை நம்பி அடுத்த வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தால் வாக்குத் தவறும். சீசன் முடியுமுன் சொல்ல வேண்டுமானால் இப்படிக் கேளுங்கள்: முதல் வாரம் ஏறிய 14 படகில் ஏழாவது படகு இறங்க எத்தனை நாள் ஆனது? பாதி இறங்கிவிட்டாலே இந்த விடை உறுதி. மற்ற ஏழு எப்போது இறங்கினாலும் அது மாறாது.

ஆமைக் கூடுகளுக்கு

பங்குனி ஆமை முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை; குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை வைத்திருப்பது போன்ற பொரிப்பகப் பதிவேட்டை வரைபடமாக்கும்போது சில மாற்றம் தேவை. ஒரு கூட்டில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும். கூடுகளை எண்ணினால் கவுன்ட்இஃப்ஸ், முட்டையையும் குஞ்சையும் எண்ணினால் சம்இஃப்ஸ். இரண்டையும் ஒரே படத்தில் கலக்க வேண்டாம்.

ஒரு கூட்டின் குஞ்சுகள் ஒரே இரவில் வராமல் இரண்டு மூன்று நாளாக வரக்கூடும். ஆகவே 'வெளிவந்த தேதி' என்று ஒரே பெட்டி போதாது. விடுவித்த குஞ்சுகளுக்குத் தனித் தாள், கூடு எண்ணோடு. பொரிக்காத முட்டை இருப்பதால் முட்டைக் கோட்டுக்கும் குஞ்சுக் கோட்டுக்கும் இடைவெளி கடைசி வரை மூடாது. எனவே கூட்டைத் தோண்டிச் சரிபார்த்து முடித்த தேதியை மூன்றாவதாக எழுதுங்கள். நிலுவைக் கூடுகளை அதை வைத்துக் கழிக்கலாம். மணல் சூடேற ஏற அடைகாலம் குறையும் என்பதால் பருவக் கடைசியில் கிடைமட்ட இடைவெளி சுருங்கும். அது தரவுப் பிழை இல்லை. இந்தப் படத்தை மார்ச் 31-இல் நிதியாண்டோடு வெட்டக் கூடாது. மார்ச்சில் இட்டவை ஏப்ரல், மே மாதங்களில்தான் பொரிக்கும். கடைசிக் கூட்டுக்குப் பின் 60 நாள் வரை அச்சு ஓட வேண்டும்.

எக்செல் சூத்திரங்களைத் தாண்டிப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் பவர் கொயரியில் இரண்டு தேதி நெடுவரிசையையும் தேர்ந்து 'அன்பிவட் காலம்ஸ்' கொடுத்தால் ஒரு படகு வரி இரண்டு நிகழ்வு வரியாகும், வெற்றுத் தேதிகள் தானாக விலகும். அதன்மேல் பிவட் போடலாம். பைத்தான் மொழியின் பாண்டாஸில் அதே வேலைக்கு மெல்ட். பிறகு முழு நாட்காட்டியோடு ரீஇண்டெக்ஸ் செய்து விடுபட்ட வாரத்துக்குப் பூஜ்யம் நிரப்புங்கள். எஸ்க்யூஎல்லில் நாட்காட்டியோடு ஒரே அட்டவணையை இரண்டு முறை ஜாயின் செய்துவிட்டு எண்ணாதீர்கள். 3 ஏறி 3 இறங்கிய வாரத்தில் இரண்டு பக்கமும் 9 வரும், ஒன்று மற்றதோடு பெருகிவிடுவதால். இரண்டு தேதியையும் தனித்தனியாக எண்ணி முடித்த பிறகு இணைக்க வேண்டும், அல்லது யூனியன் ஆல் கொண்டு முதலிலேயே அடுக்கிவிட வேண்டும்.

படத்தை ஒட்டுமுன் கடைசி வாரத்தைப் பாருங்கள். இன்று வியாழன் என்றால் அந்த வாரம் நான்கு நாள்தான். அதை முழு வாரங்களோடு சேர்த்துப் போட்டால் எல்லாக் கோடும் முடிவில் தலை குனியும். வெட்டிவிடுங்கள். இறங்கிய தேதி எப்போதும் ஏறிய தேதியைவிடத் தாமதமாகத்தான் நோட்டில் ஏறும், ஏனென்றால் இறங்கும் நாளில் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் கடைசி இரண்டு வாரத்து 'இறங்கியவை' எப்போதும் சற்றுக் குறைவாகவும் 'நிற்பவை' சற்று அதிகமாகவும் இருக்கும். எந்தத் தேதி வரை பதிவு ஏறியது என்பதைப் படத்தின் மூலையிலேயே அச்சடியுங்கள். அடுத்த வாரம் புதிய படம் ஒட்டும்போது பழைய வாரங்களையும் சேர்த்து முழுசாக மறுபடி எண்ணி வரையுங்கள். புதிய வாரத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் பின்னால் வந்து சேர்ந்த பதிவுகள் எந்தப் படத்திலும் இடம் பெறாது.